பால்மரத்தடியில் ஒரு பாடம்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது முதியோர் வாக்கு. இதனைக் கேட்டு, ஏடே வேண்டுவதில்லை என்று முடிவு கட்டுவாரும் உளர். சுரைக்காயின் இயல்பை ஏட்டில் கற்றவன் கொல்லையில் அதனைக் கண்டதும் இன்னும் நான்கு கேள்விகள் கேட்பான். கல்லாதவன் பறித்துக்கொண்டு போய்விடுவான். ஆகவே வகுப்பறைக் கல்வியும் வெளியிடக் கல்வியும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே ஆசிரியர் ஆராயத்தக்கது.

கல்விச் சுற்றுலா என்றதும் பெற்றோர் பலரின் நினைவுக்கு வருவன மிருகக்காட்சிச் சாலையும் கடற்கரையும் கட்டுச்சோறுமே. அவையும் வேண்டியனவே, பிள்ளைகள் மகிழ வேண்டாமா? ஆயினும், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பேருந்துக் கட்டணம் கொடுக்கும் தாய்தந்தையர்க்கு, “என் பிள்ளை இன்று என்ன கற்று வந்தது?” என்று கேட்கும் உரிமை உண்டு. அக்கேள்விக்கு விடையாக, நான்காம் ஆண்டு மாணவர்க்கு ரப்பர் மரத்தைப் பாடமாக்கிய முறையை ஈண்டு விளக்க விழைகின்றேன்.

“ரப்பரா? அது நமக்குத் தெரியாததா?” எனச் சிலர் நகைத்தனர். அவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்டங்களிற் பல செம்பனைக்கு மாறிவிட்டன. பாட்டனார் பால்வெட்டினார், தந்தை லாரி ஓட்டுகின்றார், பிள்ளையோ மங்கு என்றால் தேநீர் குடிக்கும் பாத்திரம் என்று எண்ணுகின்றது. முதல் நாளன்று, “உங்கள் பாட்டி தாத்தாவுக்குத் தெரிந்த கலை யாது?” என்று எழுதச் சொன்னபோது, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய தாள்களே மிகுதி. இந்த ‘ஒன்றுமில்லை’தான் என்னை உறுத்தியது.

புறப்படுவதற்கு இரு வாரங்கள் முன்பே வகுப்பில் வேலை தொடங்கிவிட்டது. வீட்டு முதியோரிடம் கேட்டு வருமாறு மாணவர்க்குச் சில வினாக்கள் தரப்பட்டன. விடியுமுன் ஏன் பால்வெட்ட வேண்டும்? வெட்டுக்கோடு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்கின்றது? மழை பெய்தால் ஏன் வேலை இல்லை? முதியோர் கூறிய விடைகளை அறிவியல் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர்கள் கையால் அறிந்திருந்தவற்றை நூல் காரணம் காட்டி உறுதிசெய்தது.

ரப்பர்ப் பால் மரத்தின் சாறன்று. பட்டையின் உட்பகுதியில் மயிரிழை போன்ற பாற்குழாய்கள் உள்ளன. பால் அவற்றுள் தங்கியிருக்கின்றது. இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியிடாமையால் மரம் நீர் நிறைந்து நிற்கும். குழாய்களில் அழுத்தமும் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். இதனாலன்றோ நம் முன்னோர் கோழி கூவுமுன் பெரட்டுக் களத்தில் நின்றனர்! மேலும், அக்குழாய்கள் நேர் செங்குத்தாக நில்லாமல், மேலே செல்லச் செல்லச் சற்றே வலப்புறம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. ஆதலின் இடப்புற உயரத்தினின்று வலப்புறத் தாழ்வுக்குக் கோடு இழுத்தால் அதிகக் குழாய்கள் வெட்டுப்படும். மழைநாளிலோ பட்டையில் வழியும் நீர் பாலைக் கோட்டை விட்டு வழியச் செய்து, மங்கையும் நிரப்பிக் கெடுத்துவிடும்.

இவற்றை அறிந்த பின்னரே அண்மையிலுள்ள சிறு தோட்டம் ஒன்றிற்கு மாணவர்களை அழைத்துச் சென்றோம். அங்கே ஆசிரியராக நின்றவர், ஒரு மாணவனின் பாட்டி, பால்வெட்டி ஓய்வுபெற்றவர். உளியை நெடுநாள் தொடாதவர், ஒரே இழுப்பில் காகிதம் போன்ற பட்டைச் சீவலை எடுத்துக் காட்டினார். வெண்கோடு ஊறிப் பெருகியதைக் கண்டு பிள்ளைகள் ஆரவாரித்தனர். “ஆழமாப் போனா காயம் பட்டுரும்யா. மரம் அதை மறக்கவே மறக்காது,” என்றார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்படலம் காயப்பட்டால் புதுப்பட்டை முண்டு முடிச்சாக வளரும். பின்னர் அவ்விடத்தில் நன்றாக வெட்ட இயலாது. அப்படலத்தைத் தொடாமல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். இதனை அளவுகோலின்றி, இருளில், நெற்றி விளக்கொளியில் செய்தவர்கள் நம் மக்கள். பேரன் அன்று முழுதும் பாட்டியின் வாளியைத் தான்தான் தூக்குவேன் என்று பிடிவாதம் செய்தான்.

கணிதமும் அங்கேயே பிறந்தது. ஒரு நிரைக்கு 500 மரங்கள், மரத்திற்கு 20 விநாடி என்று வைத்துக்கொண்டால் எத்தனை நேரம்? 10,000 விநாடி, அதாவது 2 மணி 46 நிமிடம் 40 விநாடி. “நடக்கும் நேரத்தைச் சேர்க்கவில்லையே, சார்!” என்றாள் ஒரு மாணவி. அத்தகைய கேள்வி பாடநூற் கணக்கில் எழுவதரிது.

அடுத்த மாதம் கோல கங்சார் சென்றோம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலினின்று ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சுமார் 2,700. நூற்றுக்கு நான்குகூட இல்லை. 1877இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோல கங்சாரில் நடப்பட்டன; பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைப் பேணினார். அவற்றுள் எஞ்சியது எனக் கருதப்படும் முதுமரம் இன்றும் அவ்வூரில் வேலியிட்டுக் காக்கப்படுகின்றது. பிள்ளைகள் கைகோத்து அதன் பருமனை அளக்க விரும்பினர்; வேலி தடுத்துவிட்டது.

மரம் வந்தவுடன் தோட்டம் வந்துவிடவில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவிற்குத் தலைமை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடாரியால் கொத்தாமல், முந்தைய கோட்டின் விளிம்பையே மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். விதைகளைப் பைகளில் நிரப்பிக்கொண்டு நடுமாறு எல்லோரையும் வேண்டினார். பைத்தியம் என்று பிறர் ஏசினர். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்னும் சீனர் வணிக நோக்கில் முதன்முதல் ரப்பர் பயிரிட்டார். அதன் பின்னரே தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்தினின்று நம் முன்னோர் பெருந்திரளாகக் கப்பலேறினர். தம் குடும்பம் இந்நாட்டிற்கு வந்த கதை இம்மரத்தின் கதையோடு பின்னியிருப்பதை மாணவர்கள் அன்றுதான் உணர்ந்தனர் போலும். திரும்பும் பேருந்தில் வழக்கமான பாட்டுச் சத்தம் சற்றுத் தாமதமாகவே எழுந்தது.

சுற்றுலா முடிந்ததும் கட்டுரை எழுதச் சொல்லி விட்டுவிடுவது வழக்கம். ‘காலையில் எழுந்தேன், பேருந்தில் ஏறினேன்’ என்னும் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்திச் சலித்துவிட்டமையால், இம்முறை சோதனைகளைத் தொடர்ந்தோம். பாலில் சிறிது நீரும் வினிகரும் கலந்து வைக்க, மறுநாள் அது உறைந்திருந்தது. தொழிற்கூடங்களில் இதற்குப் பயன்படும் பார்மிக் அமிலம் எறும்பின் உடலிலும் உண்டு என்றதும் வகுப்பே சிரித்தது. உறைந்ததை உருட்டி உலர்த்தி நிறுத்தபோது, 100 கிராம் பாலில் ரப்பர் 30 முதல் 40 கிராமே, எஞ்சியதிற் பெரும்பகுதி நீர் என்பது தெளிவாயிற்று.

விதை விளையாட்டை மறப்பதெப்படி? தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழன் கையில் வைக்கும் குறும்பைத் தாத்தாமார் கற்றுக்கொடுத்துவிட்டனர். நான் கற்றுக்கொடுத்தது வேறு: ஒரு மரத்து விதைகள் யாவும் ஒரே வகைப் புள்ளிக்கோலம் உடையன, ஏனெனில் விதையோடு தாய்மரத்தின் பகுதி. கலந்து கொட்டிய விதைகளை மரவாரியாகப் பிரிப்பதில் மாணவர் காட்டிய கூர்மை என்னை வியக்கவைத்தது.

இறுதியாக, அன்றுதிர்ந்த 20 விதைகளையும், ஒரு மாதம் அலமாரியில் கிடந்த 20 விதைகளையும் மண்ணில் இட்டோம். புதியவற்றுட் பெரும்பாலானவை முளைத்தன, பழையவற்றுள் மூன்றே. எண்ணெய் மிகுந்த இவ்விதை உலர்ந்தால் விரைவில் உயிரிழக்கும். கடல் கடந்த 70,000 விதைகளில் 2,700 மட்டுமே முளைத்தது ஏன் என்று இனி அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

முளைத்த கன்றுகள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்புறம் பைகளில் வளர்கின்றன. வீட்டருகில் இடமுள்ள பெற்றோர் ஆளுக்கொன்று பெற்றுக்கொள்ளலாம். வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அப்போது இம்மாணவர்கள் இடைநிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் இருப்பர். உளி பிடிக்கக் கற்பிப்பதற்குப் பாட்டிமார் இப்பொழுதே ஆயத்தமாக இருக்கின்றனர்.