மீன்களுக்குள் மறைந்து வாழும் மைக்ரோஸ்போரிடியா

பிற உயிரிகளின் செல்களுக்குள் மட்டுமே பெருகக்கூடிய நுண்ணிய ஒட்டுண்ணிகளான மைக்ரோஸ்போரிடியா, முன்பு ஒருசெல் விலங்குகளுடன் சேர்த்து வகைப்படுத்தப்பட்டிருந்தாலும், மரபணு ஆய்வுகளுக்குப் பின் பூஞ்சைகளுக்கு நெருங்கியவையாகக் கருதப்படுகின்றன. இவற்றின் வித்துக்குள் சுருண்டிருக்கும் துருவக்குழல் உகந்த சூழலில் விரைந்து வெளிநீண்டு, வித்தின் உயிர்ப்பொருளை ஓம்புயிரியின், அதாவது இடமளிக்கும் உயிரியின், செல்லுக்குள் செலுத்துகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும் அக்குழலின் சுற்றுகளின் எண்ணிக்கை இனங்களைப் பிரித்தறியும் அடையாளங்களுள் ஒன்று.

ஸ்டிக்கிள்பேக் மீனில் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை உண்டாக்கும் குளூஜியா அனோமலா, சால்மன் மீன்களின் செவுள்களைத் தாக்கும் லோமா சால்மோனே, ஆய்வகங்களில் வளரும் வரிக்குதிரை மீனின் மூளையிலும் தண்டுவடத்திலும் குடியேறும் சூடோலோமா நியூரோஃபிலியா ஆகியவை மீன்களைத் தாக்கும் மைக்ரோஸ்போரிடியாக்களுள் நன்கறியப்பட்டவை. எனினும் ஓம்புயிரியும் தாக்கப்படும் திசுவும் வித்தின் வடிவமும் மட்டுமே உறவுமுறையைத் தெளிவாக்கப் போதாமையால், ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவின் வரிசையை ஒப்பிட்டே இன்றைய வகைப்பாடு உறுதிசெய்யப்படுகிறது.