சிறு பெட்டியும் செவியின் தீர்ப்பும்

நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஏற்கெனவே உள்ள இல்லங்களில், இசைத்தட்டும் ஒலிநாடாவும் சி.டி.யும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வு பெற்ற பிறகு, அவற்றின் ஸ்தானத்தில் இன்று வந்து அமர்ந்திருப்பது ஸ்ட்ரீமர் என்னும் சிறு பெட்டி. வீட்டு வைஃபை வழியாக இணையத்துச் சங்கீதத்தை வாங்கி ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைப்பதே அதன் தொழில். 2015-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் 35 டாலர் விலையில் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ இவ்வகையில் மலிவுக்கு வழிகாட்டியது. 2019-இல் அது நிறுத்தப்பட்ட பின்னர், லிங்க்ப்ளே நிறுவனத்தின் வீம் மினி, வீம் ப்ரோ முதலியவை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2012-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்னும் சின்னஞ்சிறு கணினியை வைத்துத் தாமே ஒரு ஸ்ட்ரீமரை அமைத்துக்கொள்வோரும் உண்டு. இத்தனை குறைந்த விலையில் கிடைக்கும் பெட்டியில் நாதம் சுத்தமாக இருக்குமா என்று கேட்பது நியாயமே. ஆனால் கடையிலோ நண்பர் வீட்டிலோ பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, இதில் குரல் முன்னால் வருகிறது, அதில் மிருதங்கம் எடுபடவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடும் வழக்கம் சாதனத்துக்கும் நியாயம் செய்வதில்லை, செவிக்கும் நியாயம் செய்வதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஸ்ட்ரீமரின் காரியம் இரண்டு பகுதிகளாக நடைபெறுகிறது. முதலாவது, எண்களைப் பெறுவது. 1982-இல் சி.டி. விற்பனைக்கு வந்தபோது நிலைபெற்ற கணக்கின்படி, ஒவ்வொரு சேனலிலும் ஒரு விநாடி சங்கீதம் 44,100 எண்களாகக் குறிக்கப்படுகிறது. இவ்வெண்கள் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து பயணம் செய்து, வழியில் தவறியவை மறுபடி வரவழைக்கப்பட்டு, பெட்டியின் நினைவகத்தில் சற்றே காத்திருந்து, அதன் பிறகே வரிசையாக வெளியேறுகின்றன. ஆகையால் பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் லட்ச ரூபாய்ப் பெட்டிக்கும் வந்து சேரும் எண்கள் ஒன்றே. நெட்வொர்க் கேபிளை மாற்றினால் வீணையின் நாதம் இனிமை பெறும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை. எண்களை மின் அலையாக மாற்றும் இரண்டாவது பகுதியில்தான், ரசிகர்கள் டாக் என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த உறுப்பில்தான், பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு வருவதற்கு இடமுண்டு. அதிலும், இன்றைய மலிவான சாதனங்கள் பலவற்றில் இரைச்சலும் விகாரமும் இசையின் உச்ச ஒலிக்கு 90 அல்லது 100 டெசிபெல் கீழே அடங்கிவிடுகின்றன. வீட்டில் 90 டெசிபெல் உச்சம் எழும்படி உரக்க வைத்தாலும், பெட்டி தன் பங்குக்குச் சேர்க்கும் அசுத்தம் மனிதச் செவியின் எல்லையை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் நிற்கும். மின்விசிறி சுழலும் கூடத்தில் அதைக் கேட்டுப் பிடிப்பது அசாத்தியம்.

அப்படியானால், இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது வித்தியாசம் பிரத்யட்சமாகத் தெரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சப்தத்தின் அளவிலிருந்து வருகிறது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இல் வெளியிட்ட ஆராய்ச்சி விளக்கியபடி, செவி எல்லா ஒலிகளையும் ஒரே கூர்மையுடன் ஏற்பதில்லை. சப்தம் குறையக் குறைய மந்திர ஒலிகள் மற்றவற்றைவிட விரைவாக மங்குகின்றன, சப்தம் ஏறும்போது அவையே முதலில் தலைதூக்குகின்றன. ஒரு ஸ்ட்ரீமர் 2 வோல்ட்டும் இன்னொன்று 2.2 வோல்ட்டும் வெளியிடுமானால், இடைவெளி 0.8 டெசிபெல்தான், ஆயினும் அதைச் சப்தம் கூடியதாக நாம் உணர்வதில்லை, மிருதங்கத்தின் தொப்பிக்குக் கனம் வந்துவிட்டதாகவும், பாடகர் மூச்சு வாங்குவதும் கேட்பதாகவும், பாட்டில் ஜீவன் மிகுந்துவிட்டதாகவும் உணர்கிறோம். தட்டின் அடியில் புளி ஒட்டிய தராசில் நிறுத்து வாங்குவதற்கும் இந்தப் பரீட்சைக்கும் பேதமில்லை.

பரிகாரம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் அளவிலான ஒற்றை ஒலியை மிதமான சப்தத்தில் ஓடவிட்டு, எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சாதாரண மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்பி, அதன் இரு முனைகளையும் ஸ்பீக்கர் வயர் இணையும் இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்கு 2.00 என்று காட்டும் மீட்டர் மற்றதற்கு 2.02-க்கு மேல் போகாதபடி ஒலியளவைத் திருத்தினால், வித்தியாசம் ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். பிறகு இரண்டையும் ஆம்ப்ளிஃபயரின் இரு வாய்களில் இணைத்து, ஒரே பாட்டை ஒரே இடத்திலிருந்து இரண்டிலும் ஓடவிட்டு, எது ஒலிக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியாதபடி, வீட்டிலுள்ள வேறொருவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து மாற்ற வேண்டும். எடுத்துக்கொள்ளும் பகுதி குறுகியதாக இருக்கட்டும். நாதத்தின் நுட்பமான சாயலைச் செவி நினைவில் வைத்திருப்பது சில விநாடிகளே. தம்பூரா மட்டும் ஒலிக்கும் தொடக்கமும், கடம் தனித்து வாசிக்கும் இடமும், வயலின் வில் தந்தியை விட்டு நீங்கும் கணமும் இதற்கு உகந்தவை. பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொல்வது வெறும் ஊகத்திலேயே சகஜமாக நேரும். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நேர்ந்திருக்க 26-இல் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. அப்போது அந்தச் செவியின் சொல்லை மதித்தாக வேண்டும்.

கண் செவியைக் கலைக்கிறது என்பதற்கு வலுவான சாட்சியம் இருக்கிறது. 1994-இல் ஒலி ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களை மதிப்பிடச் செய்தபோது, கண்ணால் பார்த்துக் கேட்டவர்கள் தந்த மதிப்பெண்களும், திரைக்கு இப்பால் அமர்ந்து கேட்ட அதே மனிதர்கள் தந்த மதிப்பெண்களும் மாறுபட்டன. உருவத்தில் சிறியதும் மலிவானதுமான ஸ்பீக்கர், பார்வைக்குப் பட்டதும் கீழிறங்கிற்று. அவர்கள் யாவரும் ஸ்பீக்கர் செய்யும் நிறுவனத்திலேயே பணிபுரிந்தவர்கள்! 2007-இல் மேயர், மோரன் என்னும் இருவர், உயர் நுட்பப் பதிவுகளை நேராகவும், நடுவே சி.டி. தரத்துக்குக் குறைத்தும் மறைவாகக் கேட்கச் செய்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரியாயின, அதாவது ஏறக்குறைய சரிபாதி. 2016-இல் ஜோஷுவா ரீஸ் என்னும் ஆய்வாளர் இத்தகைய பல பரீட்சைகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, சரியான விடைகள் 52.3 சதவீதம் என்று வந்தது. வித்தியாசம் அறவே இல்லையென்று சொல்ல முடியாது, ஆனால் பணத்தை வாரி இறைப்பதற்கு அது காரணமாகாது.

இதனால் மலிவான சாதனங்களில் குறையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பழைய ராஸ்பெர்ரி பையின் சொந்த ஹெட்போன் வாயில், முறையான டாக் இல்லாத காரணத்தால், இரைச்சல் நன்றாகவே கேட்கும். மேலே பொருத்தும் ஒரு டாக் பலகையால் அது தீர்ந்துவிடும். ஸ்ட்ரீமரையும் ஆம்ப்ளிஃபயரையும் வெவ்வேறு பிளக்குகளில் செருகி, எர்த் இணைப்பு சரியில்லாமற்போனால், ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்று குடியேறிவிடும். ஒளியிழை வழியாக எண்களை அனுப்பும் ஆப்டிகல் வெளியீட்டைப் பயன்படுத்தினால், இரு பெட்டிகளுக்கும் இடையே மின்தொடர்பு அறுபட்டு, அது மறையும். ஆகவே வாங்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, ஒலியளவை ஏற்றி, ஸ்பீக்கரின் அருகில் காதை வைத்துக் கேட்பது அவசியம். கச்சேரிப் பதிவில் ஆலாபனை ஒரு டிராக்காகவும் கிருதி அடுத்த டிராக்காகவும் பிரிந்திருக்க, இடையில் அரை விநாடி சுருதி அறுந்து மீளும் பெட்டியை, மற்ற குணங்கள் எவ்வளவு உயர்ந்தவையானாலும், சங்கீதம் கேட்பவர் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒரே பாட்டு ஒரே சேவையில் இரண்டு மூன்று ஆல்பங்களில் கிடைப்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்று மூல நாடாவிலிருந்து கவனமாக எடுக்கப்பட்டிருக்கும். மற்றொன்று இரைச்சலை நீக்குகிறோம் என்று மேல் ஸ்தாயியின் ஒளியையும் நீக்கி, சப்தத்தை ஒரே மட்டமாக உயர்த்தியதாக இருக்கும். இவற்றுக்கிடையே உள்ள தூரம், எந்த இரண்டு ஸ்ட்ரீமர்களுக்கிடையேயும் உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிது.

அறையோ எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில், இரு சுவர்களுக்கிடையே 43 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கி நின்று, சுவரோரம் அமர்ந்தவருக்கு மந்திர ஒலியைப் பல டெசிபெல் பெருக்கிக் காட்டும், அறையின் நடுவில் அமர்ந்தவருக்கு அதையே விழுங்கிவிடும். தொலைபேசியின் மைக்கைக் கொண்டு அறையை அளந்து திருத்தும் வசதி இப்போது மலிவான ஸ்ட்ரீமர்கள் சிலவற்றிலேயே வந்திருக்கிறது. வாங்குவோர் இதைத் தேடிப் பெறுவது நல்லது. ஆனால் அது பெருகிய ஒலியைத்தான் குறைக்க வல்லது. சுவர்கள் விழுங்கிய ஒலியை எவ்வளவு உயர்த்தி அனுப்பினாலும் அவை மறுபடி விழுங்கும், அந்த இடத்தில் நாற்காலியைத்தான் ஓரிரண்டு அடி நகர்த்திப் போட வேண்டியிருக்கும்.