ஒரு ரூபாயிலிருந்து காலணாவுக்கு

ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா, அல்லது 12 தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 64 பைசா, 192 தம்பிடி. நயா பைசா வந்த 1957 வரை நம் தாத்தாக்கள் விரல்விட்டு எண்ணிய கணக்கு இது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு பழைய பத்திரிகைகளைப் பார்த்தால் அவற்றின் கதை வேறு மாதிரி தெரிகிறது. எந்த மொழி முந்தியது, யார் முதல் ஆசிரியர் என்று நிறையப் பேசியாயிற்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விலை, பிரதிகளின் எண்ணிக்கை, தபால் கட்டணம் ஆகிய மூன்றும். ஒரு பத்திரிகை யார் கைக்குப் போகும், எத்தனை நாள் பிழைக்கும் என்பதை இவைதான் முடிவு செய்தன.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் பூலாம்பாடியை வைத்து யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். பச்சைமலைப் பக்கத்துப் பேரூராட்சி அது. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. அச்சகம் இருந்த சென்னைக்கும் இந்த ஊர்களுக்கும் நடுவே இருந்த தூரத்தை ஒரு பத்திரிகை எந்தச் செலவில் கடந்தது என்பதுதான் கேள்வி. உ.வே.சாமிநாதையர் பிறந்தது 1855இல். அதே ஆண்டில் சென்னையில் பெர்சிவல் பாதிரியார் ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். ஆனால் அரியலூரிலும் குன்னத்திலும் வளர்ந்த சிறுவன் சாமிநாதனின் படிப்பு ஓலையும் எழுத்தாணியுமாகத்தான் நடந்தது.

ஐரோப்பாவின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1605இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோகான் கரோலுஸ், பணக்காரச் சந்தாதாரர்களுக்குக் கையால் எழுதி அனுப்பிவந்த செய்திமடலை அச்சுக்கு மாற்றினார். கையால் படியெடுக்க ஆகும் நேரம்தான் அவரை அச்சுக்குத் தள்ளியது. 1618இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு மொழி, 1620இல் அதே ஊரில் அச்சான ஆங்கிலத் தாள், 1631இல் பாரிஸில் பிரெஞ்சு, 1645இல் ஸ்வீடிஷ், 1703இல் மகா பீட்டர் காலத்து ரஷ்யன் என்று வரிசை போகிறது. ஜெர்மன் மொழியில் 1605இன் வார இதழிலிருந்து 1650இன் லைப்சிக் நாளிதழுக்கு 45 ஆண்டுகள். ஆங்கிலத்தில் 1620இலிருந்து 1702இன் ‘டெய்லி கூரன்ட்’ வரை 82 ஆண்டுகள். தமிழில் 1841இன் ‘உதயதாரகை’யிலிருந்து 1899இல் ‘சுதேசமித்திரன்’ நாளிதழான வரை 58 ஆண்டுகள். தமிழ் பின்தங்கிவிட்டது என்று வருந்துவோர் இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகையான ஹிக்கியின் ‘பெங்கால் கெசட்’ 1780 ஜனவரி 29இல் கல்கத்தாவில் வெளியானது. விலை ஒரு ரூபாய். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளையும் வியாபாரிகளையும் நம்பி வைத்த விலை இது. கம்பெனி அதை அடித்த முதல் அடி, அதே ஆண்டு நவம்பரில் தபாலில் போட விடாமல் தடுத்தது. கைதும் அச்சுப் பறிமுதலும் அதற்குப் பிறகு வந்தவை.

இந்திய மொழிப் பத்திரிகைகளிலும் உயிர்நாடி தபால்தான் என்பதற்கு ஒரே வட்டாரத்தில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. 1818 மே 23இல் சேராம்பூர் பாதிரிமார் வங்காளத்தில் ‘சமாச்சார் தர்பண்’ தொடங்கினார்கள். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு அதை வழக்கமான கட்டணத்தில் நான்கில் ஒரு பங்குக்கே தபாலில் அனுப்பச் சம்மதித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1826 மே 30இல், கல்கத்தாவில் ஜுகல் கிஷோர் சுக்லா முதல் இந்தி வார இதழான ‘உதந்த் மார்த்தாண்ட்’டை வெளியிட்டார். முதல் இதழ் 500 பிரதிகள். ஆண்டுச் சந்தா 2 ரூபாய், அதாவது 32 அணா; 52 வாரத்துக்கு வகுத்தால் இதழ் ஒன்றுக்கு ஏழு தம்பிடிக்குச் சற்று மேல். 500 பிரதிக்கும் சந்தா வந்திருந்தால்கூட ஆண்டு வரவு 1,000 ரூபாய், ஓர் இதழுக்கு 19 ரூபாய்ச் சொச்சம். இந்தி படிப்பவர்களோ கல்கத்தாவில் இல்லை; நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வடக்கே இருந்தார்கள். அவர் கேட்ட தபால் சலுகை கிடைக்கவில்லை. 1837இன் கட்டணப்படி கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்கு ஒரு தோலா எடைக் கடிதம் அனுப்ப 12 அணா. பத்திரிகைக்கான கட்டணம் வேறுதான். ஆனால் ஆண்டு முழுவதற்குமான சந்தாவே 32 அணா என்னும்போது அந்தக் காலத் தபாலின் கனம் புரியும். 1827 டிசம்பரில், 79 இதழ்களோடு அது நின்றது. சலுகை பெற்ற வங்காள இதழ் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. சுக்லாவின் பத்திரிகை கருத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை. தபால் செலவு தாங்காமல் செத்தது. எனக்கு இது ஹிக்கியின் கதையைவிடத் துயரமானது.

இதற்கு நேர் எதிரானது குஜராத்தி. 1822 ஜூலை 1இல் பர்தூன்ஜி மர்ஸ்பான் தொடங்கிய ‘மும்பை சமாச்சார்’ பம்பாய் வணிகர்களுக்கு வேண்டிய சரக்கு, கப்பல் செய்திகளைத் தந்தது. வாசகர்கள் அதே ஊரில், கையில் காசோடு இருந்தார்கள். இரு நூற்றாண்டு தாண்டியும் அது வெளிவருகிறது.

தெற்கே வந்தால் முதல் கணக்குப் புத்தகங்கள் எல்லாமே மிஷன்களுடையவை. 1831இல் சென்னையில் ‘தமிழ் மாகசின்’. 1841 ஜனவரி 7இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் ‘உதயதாரகை’. மாதம் இருமுறை, தமிழும் ஆங்கிலமும். அதன் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் தமிழர்கள். 1843 ஜூலை 1இல் மோக்லிங் பாதிரியாரின் ‘மங்களூரு சமாச்சார’, கன்னடத்தின் முதல் பத்திரிகை, கல்லச்சில் வந்தது. 1847 ஜூனில் தலச்சேரி இல்லிக்குன்னில் குண்டர்ட் வெளியிட்ட ‘ராஜ்ய சமாசாரம்’, மலையாளத்தின் முதல் பத்திரிகை, இலவசமாகவே கொடுக்கப்பட்டது. விற்பனை வரவை நம்பவேண்டிய கட்டாயம் இவற்றுக்கு இல்லை.

கல்லச்சு ஏன் என்பதற்கும் கணக்கு உண்டு. ஈய அச்செழுத்துக்கு நம் மொழிகள் செலவு மிகுந்தவை. தமிழுக்கு உயிர் 12, ஆய்தம் 1, புள்ளி வைத்த மெய் 18, அகரமேறிய மெய் 18. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய நான்கும் மெய்யோடு ஒட்டி வார்க்கப்பட்டால் 18 பெருக்கல் 4, எழுபத்திரண்டு. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி நான்கு. மொத்தம் 125. பழைய ணா, றா, னா, யானைக்கொம்பு ஐகாரங்கள், கிரந்தம் எல்லாம் இதற்கு மேல். ஆங்கிலத்துக்குப் பெரியதும் சிறியதுமாக 52. இந்த 125இல் இரட்டைக் கொம்பு அரியலூர்க்காரர்களுக்கு நெருக்கமானது. எகர ஏகாரத்தைப் பிரித்துக் காட்டும் அந்த மாற்றத்தைச் செய்தவர் என்று சொல்லப்படும் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இனி சென்னையின் புகழ்பெற்ற கணக்கு. 1878 செப்டம்பர் 20இல் ஜி.சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் ‘தி இந்து’வை வார இதழாகத் தொடங்கினார்கள். கடன் வாங்கியது ஒரு ரூபாய் 12 அணா. அச்சடித்தது 80 பிரதி. விலை 4 அணா. வாங்கிய கடன் அப்படியே அச்சுச் செலவு என்று கொண்டால் 336 தம்பிடியை 80ஆல் வகுக்க, பிரதிக்கு 4.2 தம்பிடி. விற்ற விலை 48 தம்பிடி. 80ம் விற்றால் 20 ரூபாய். எழுதியவர்களின் உழைப்புக்கு இதில் ஒரு தம்பிடிகூடக் கிடையாது. கைவிசை அச்சில் இரண்டு ஆட்கள் மணிக்கு 200 தாளுக்கு மேல் ஒரு பக்கம் அடிக்கலாம். ஆகவே 80 பிரதி என்பது அச்சகத்துக்கு அரை நாள் வேலையும் இல்லை. எண்பது பேர் படித்த ஆங்கிலத் தாள் அது. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தமிழுக்கு வந்து ‘சுதேசமித்திரன்’ தொடங்கியதற்குக் காரணம் இந்த எண்ணிலேயே இருக்கிறது.

தமிழிலும் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? 1901 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் ஆயிரத்துக்கு 53 பேர். பெண்களில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அந்த நிலையில்தான் 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழ் கொண்டுவந்தார். நாலு பக்கம். பெயரிலேயே விலை: ‘ஒரு பைசாத் தமிழன்’. ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ ஆனது.

ஒரு பைசா என்றால் காலணா, அன்றைய அஞ்சலட்டையின் விலை. ஆண்டு முழுக்க 52 இதழ் வாங்கினாலும் 13 அணா. ஹிக்கியின் ஒரே இதழுக்குக் கொடுத்த ரூபாயில் இதை 64 பிரதி வாங்கலாம். தாழ்த்தப்பட்ட மக்களுக்காக நடத்தப்பட்ட இதழுக்கு இதைவிடக் குறைந்த விலை வைக்க அனேகமாக இடமே இல்லை. ஆனால் மறுபக்கம்: ‘தி இந்து’வின் முதல் 80 பிரதி தரக்கூடிய 20 ரூபாயைப் பெற இந்த இதழ் 1,280 பிரதி விற்கவேண்டும். 1910 பத்திரிகைச் சட்டம் கேட்ட குறைந்தபட்சப் பிணைத்தொகை 500 ரூபாய். பைசாவாக மாற்றினால் 32,000. அந்தச் சட்டத்தின் உண்மையான கொடுமை இதுதான். நாலணாப் பத்திரிகைக்கு 2,000 பிரதி விலையான தொகை, ஒரு பைசாப் பத்திரிகைக்கு 32,000 பிரதி விலை.

பூலாம்பாடியைச் சுற்றுவட்டாரத்தில் ‘குட்டி சிங்கப்பூர்’ என்று சொல்வதுண்டு. கடல்கடந்து உழைத்தவர்கள் அவ்வளவு பேர். அங்கேயும் தமிழ்ப் பத்திரிகைக் கணக்கு இருக்கிறது. 1887 ஜூன் 27இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். 1890 வரை வந்தது. 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’. 1935 ஜூலை 6இல் கோ.சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’. முரசு தொடக்கக் காலத்தில் விற்ற விலை ஒரு காசு.

அந்தக் காசை நம் நாணயத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அன்று மலாயா வெள்ளிக்கு (டாலருக்கு) 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ். ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். வெள்ளியில் நூற்றில் ஒரு பங்கான காசு 0.28 பென்ஸ். ரூபாயில் 64இல் ஒரு பங்கான பைசா 0.28125 பென்ஸ். இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லிவிடலாம். இராயப்பேட்டையில் பண்டிதர் வைத்த விலையும் சிங்கப்பூரில் சாரங்கபாணி வைத்த விலையும் 28 ஆண்டு இடைவெளியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இருவருமே கூலி வேலை செய்வோரை வாசகராக நினைத்தவர்கள். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆண் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாள்கூலி 50 காசு; பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. ஐம்பதில் ஒன்று என்பது ரப்பர் மரம் சீவுகிறவர் நாலு பேரோடு சேராமல் தானே கொடுத்துவிடக்கூடிய பங்கு.

‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. ‘தமிழ் முரசு’ வந்துகொண்டிருக்கிறது. அதன் பழைய ஏடுகளையும் ‘சிங்கை நேசன்’ ஏடுகளையும் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் எண்மப்படுத்தி வைத்திருக்கிறது. வேப்பந்தட்டை வட்டாரத்திலிருந்து அங்கே வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் 1930களின் முரசைத் திறந்து, செய்திகளோடு சேர்த்து, அதில் வந்த கப்பல் கட்டணம், அரிசி விலை, கூலி விவரம் எல்லாவற்றையும் எழுதி எடுத்துவரவேண்டும். இந்த ஊர்களிலிருந்து போனவர்களின் வரவுசெலவு அங்கேதான் அச்சில் கிடக்கிறது.