அடுப்படிக்கு வராத சிக்னல்

காரியாபட்டியில் என் சின்னம்மா பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்த கான்கிரீட் தார்சு வீடு கட்டினார். முன்பெல்லாம் அடுப்படியில் நின்றே போன் பேசியவர், இப்போது துபாயில் இருக்கும் மகனோடு பேச முழங்கால் வலியோடு மொட்டைமாடிக்கு ஏறுகிறார். “ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டிருவோமாய்யா?” என்று என்னிடம் கேட்டார்.

முதலில் அளந்து பார்த்தோம். போன் அமைப்புகளில் சிம் நிலை காட்டும் பக்கத்தில் சிக்னலின் வலிமை டிபிஎம் கணக்கில் இருக்கும். மாடியில் மைனஸ் 85, அடுப்படியில் மைனஸ் 118. இந்தக் கணக்கில் 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 33 குறைந்திருக்கிறது என்றால், மாடியில் கிடைப்பதில் ஏறத்தாழ 2,000-ல் ஒரு பங்குதான் கீழே இறங்குகிறது. கான்கிரீட் கொஞ்சத்தை விழுங்குகிறது, உள்ளே பின்னிக் கிடக்கும் கம்பிகள் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. எந்த அலை என்பதும் முக்கியம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். 5ஜி ஓடும் 3,500 மெகாஹெர்ட்ஸில் அது 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதிர்வெண் கூடக்கூட அலை சுவரைக் கடக்கத் திணறும்.

பூஸ்டரின் வேலை எளிது. மாடியில் ஓர் ஆண்டெனா கோபுரத்தைப் பார்த்து நிற்கும். கேபிள் வழியே வரும் சிக்னலைப் பெட்டி பெருக்கும். வீட்டுக்குள் இருக்கும் இன்னொரு ஆண்டெனா அதைப் பரப்பும். சிக்கலெல்லாம் இந்த இரண்டு ஆண்டெனாக்களுக்கும் நடுவில்தான். பொங்கல் விழா மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ‘கீ...’ என்று அலறுமே, அதேதான் இங்கும். உள்ளே பரப்பியது கசிந்து மாடிக்குப் போனால், பெட்டி தன் குரலையே மறுபடி மறுபடி பெருக்கும். 60 டெசிபல் பெருக்க வேண்டுமானால், இரண்டுக்கும் இடையே 75 டெசிபலாவது தடுப்பு வேண்டும். சிக்னலை மறித்த அதே தார்சுதான் இங்கே காவல். உள் ஆண்டெனாவை மாடிப்படிக் கூண்டுக்கு நேர்கீழே வைத்தால் அந்தக் காவலே வீண். படி வழியாகவே அலை மேலேறிவிடும். மாடி ஆண்டெனாவுக்கு எர்த்தும் வேண்டும். இடிதாங்கி இல்லாத பட்டாசுக் கிடங்கை இந்தப் பக்கம் யாரும் ஏற்கமாட்டார்கள். ஆண்டெனாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் சின்னம்மாவிடம் “வாங்க வேண்டாம்” என்றேன். போன் அனுப்பும் அதிகபட்ச சக்தியே சுமார் 0.2 வாட். தூரத்துப் போன்களின் அந்த மெல்லிய குரலுக்குத்தான் கோபுரம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. சரியாகப் பொருத்தாத ஒரு பூஸ்டர் பக்கத்தில் அலறினால், தெரு முழுக்க அழைப்புகள் அறுபடும். 108-க்கு அழைப்பவரின் குரலும் அதில் ஒன்றாகலாம். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே உரிமமின்றி இதுபோன்ற கம்பியில்லாக் கருவி வைத்திருப்பது குற்றம். பூஸ்டர் கடையில் தாராளமாகக் கிடைப்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. பூஸ்டரைப் பொருத்தும் உரிமை செல்பேசி நிறுவனங்களுக்கே உண்டு. மருத்துவமனை, மண்டபம் போன்ற பெரிய கட்டடம் என்றால், வரைபடம் போடும்போதே அவர்களை அழைத்துக் கேபிளுக்கு வழி விடுவதுதான் சரி. கட்டடங்களுக்கு இணைப்புத் தரத்தை வைத்து மதிப்பீடு வழங்கும் விதிமுறைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்தது.

சின்னம்மா வீட்டில் ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. போனில் வைஃபை அழைப்பை இயக்கினேன். அதே எண், அதே சிம். ஏர்டெல்லும் ஜியோவும் 2019 டிசம்பரிலிருந்து 2020 ஜனவரிக்குள் தொடங்கிய வசதி இது. மோடத்துக்கு ஒரு சின்ன பேட்டரியும் வாங்கி வைத்தோம், கரண்ட் போனாலும் பேச்சு அறுந்துவிடக் கூடாதென்று. அன்று இரவு மகன் அழைத்தபோது சின்னம்மா அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தார்.