கத்தி எட்டாத விளிம்பில் ஒரு சொட்டு மருந்து

கருவிழியும் வெண்விழியும் சேரும் வளைந்த விளிம்பை மருத்துவர்கள் லிம்பஸ் என்பர். கருவிழியின் மேற்பரப்பை வாழ்நாள் முழுவதும் புதுப்பித்துவரும் ஸ்டெம் செல்கள் குடியிருக்கும் இடம் அது. இமைகளின் இடைவெளியில் எப்போதும் வெயில் படும் பகுதியும் அதுவே என்பதால், கண்ணின் மேற்பரப்பில் வரும் செதிள் செல் புற்றுநோயும் அதற்கு முந்தைய நிலைகளும் பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டுகின்றன. புற ஊதாக் கதிர்களும் எச்.ஐ.வி. தொற்றால் குன்றிய நோய் எதிர்ப்பாற்றலும் இதற்கு வழிசெய்கின்றன. தொடக்கத்தில் வலி அதிகம் இராது; கண்ணில் சதை வளர்கிறது என்று எண்ணி நாளைக் கடத்திவிடுவோரும் உண்டு.

கட்டியை, அதைச் சுற்றியுள்ள 3 அல்லது 4 மில்லிமீட்டர் நல்ல திசுவோடு வெட்டியெடுத்து, எஞ்சும் ஓரங்களைக் கடுங்குளிரால் உறையவைத்து அழிப்பதே நெடுங்காலமாக இருந்துவரும் முறை. ஆயினும் நோயுற்ற செல்கள் கண்ணுக்குப் புலப்படாமல் எல்லை கடந்து பரவியிருக்கக்கூடும். அதற்கு அஞ்சி மேலும் அகலமாக வெட்டினால் ஸ்டெம் செல்கள் அழிந்து, கருவிழியே கலங்கிப்போகும். சொட்டு மருந்தின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது: அது கட்டி எங்கே முடிகிறது என்று பாராமல் கண்ணின் மேற்பரப்பு முழுவதையும் நனைக்கிறது.

இவ்வகையில் மலிவானது 5-ஃபுளூரோயுராசில். செல்கள் ஆர்.என்.ஏ.வை உருவாக்கப் பயன்படுத்தும் யுராசில் மூலக்கூற்றில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குப் பதிலாக ஃபுளூரின் அணுவைப் பொருத்தி, 1957இல் அமெரிக்க வேதியியலர் சார்லஸ் ஹைடல்பெர்கரின் குழு அறிவித்த மருந்து இது. பூட்டுக்குள் நுழைந்து திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச்சாவியைப்போல, டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமிடினை ஆக்கும் நொதியை இது முடக்கிவிடுவதால், விரைந்து பெருகும் செல்களே முதலில் மடிகின்றன. நரம்பில் ஏற்றுவதற்கான ஊசிமருந்தையே நீர்த்து 1 சதவீதக் கரைசலாக்கி, நாளொன்றுக்கு நான்கு முறை வீதம் ஒரு வாரம் இட்டு, மூன்று வாரம் ஓய்வு விட்டு, அச்சுற்றைச் சில முறை தொடர்வது பரவலான வழக்கம்.

இந்நோய் மிகுந்துள்ள கென்யாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு இம்மருந்துக்கு வலுவான சான்றாகும். அறுவை சிகிச்சை முடிந்த 98 பேரில் ஒரு பாதியினருக்கு இம்மருந்தும் மறுபாதியினருக்கு மருந்தற்ற சொட்டும் நான்கு வாரம் தரப்பட்டன. ஓராண்டில் மருந்து பெற்றோரில் ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்கும் மற்றவரில் 36 சதவீதத்தினருக்கும் கட்டி திரும்பியது. அறுவைக்குப் பின் மீண்டும் மீண்டும் வந்துபோக இயலாத நோயாளிகள் நிறைந்த நாட்டில் இந்த வேறுபாடு சிறியதன்று.

மைட்டோமைசின்-சி இதைவிடக் கடுமையானது. ஸ்டெம் செல்களையும் தாக்க வல்லது என்பதால், கண்ணீர் வடியும் நுண்துளைகளை அடைத்துவிட்டே அதை இடுவது பாதுகாப்பு. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2பி எரிச்சல் குறைந்தது. எனினும் விலை மிகுந்தது, குளிர்பதனப் பெட்டியில் வைத்தே காக்க வேண்டியது, மாதக்கணக்கில் இடவேண்டியது. மேற்பரப்பைத் தாண்டி ஆழ ஊடுருவிய கட்டியைச் சொட்டு மருந்தால் மட்டும் நம்பிக்கையோடு அழிக்க இயலாது. அங்கே அது அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்கவும், பின் எஞ்சியதைத் துடைக்கவும் துணைநிற்கலாம். சில சுற்றுகளுக்குப் பிறகும் கட்டி சுருங்காதபோது, மருந்தை நீட்டிக்கொண்டே போகாமல் ஒரு துண்டை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.