‘இப்பொழுது’ என்றால் எப்பொழுது?

அயல்மொழி பயில்வோரை இடறச் செய்வன அருஞ்சொற்கள் அல்ல, எளிய சொற்களே. இலத்தீனின் வழிவந்த உருமேனிய மொழியில் ‘அக்கூம்’ என்பது அத்தகையதொரு சொல். தனித்து நின்றால் அதற்கு ‘இப்பொழுது’ என்பது பொருள்.

புக்காரெஸ்ட் நகரப் புகையிரத நிலையத்தில், “வண்டி எப்பொழுது?” என்று வினவும் பயணி ஒருவருக்கு, “அக்கூம் தொவ ஓரே” என்று விடை கிடைப்பதாகக் கொள்வோம். ‘தொவ ஓரே’ எனின் இரண்டு மணி நேரம். இன்னும் இரண்டு மணி நேரம் உண்டென அவர் அமைதியாக அமர்ந்துவிட்டால் ஏமாந்தே போவார். காலவளவு பின்தொடரும்போது ‘அக்கூம்’ இறந்த காலத்தைச் சுட்டும். வண்டி இரண்டு மணி நேரத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்டது!

வருங்காலத்துக்கு உரிய சொல் ‘பெஸ்தே’. ‘பெஸ்தே துனரே’ எனின் டான்யூப் நதிக்கு அப்பால். ‘பெஸ்தே தொவ ஓரே’ எனின் இரண்டு மணி நேரத்தின் பின். காலத்தையும் ஆறுபோலவே கடக்கின்றனர் உருமேனியர்.

இது நமக்குப் புதுமையன்று. ‘வீட்டுக்கு முன்’ என இடத்தையும், ‘இரண்டு நாளுக்கு முன்’ எனக் காலத்தையும் ஒரே சொல்லால் உணர்த்துவோரன்றோ நாம்? ஆதலின், சொல்லைத் தனியே மனனஞ் செய்தல் போதாது. அதனை அடுத்து நிற்கும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். இன்றேல் வண்டி தவறும்.