பளபளப்பில் தேயும் திருமுகம்

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருக்கும் ராமானுஜரின் உற்சவ மூர்த்திக்குத் ‘தானுகந்த திருமேனி’ என்று பெயர். அவருடைய சீடர் முதலியாண்டானின் மகன் கந்தாடை ஆண்டான் வார்ப்பிக்க, ராமானுஜரே ஆரத் தழுவித் தந்த விக்கிரகம் என்பது வைணவ மரபு. 1017-ல் அவர் அவதரித்த இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக அந்தத் திருமேனியைப் பேணி வருகிறார்கள்.

அதே ஊரைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கார், டயர், செல்போன் தொழிற்சாலைகள். அங்கே வேலைக்கு வந்தவர்களின் வாடகை வீடுகளிலும் ஓர் அலமாரித் தட்டில் பித்தளைப் பிள்ளையாரோ முருகனோ இருப்பார். வியாழன் மாலையானால் புளி, உப்பு, கம்பி நார் என்று தேய்ப்பு தொடங்கிவிடும். ஆயுத பூஜை சமயத்தில் பட்டறையின் பஃபிங் மெஷினில் கொடுத்து வாங்கும் ஆசையும் எழும். ஐந்து நிமிடத்தில் தங்கமாய் ஜொலிக்கும். ஆனால் சின்ன விக்கிரகத்தில் இமைக்கோடு மயிரிழை ஆழம்தான். கம்பி நாரும் பஃபிங் சக்கரமும் அழுக்கோடு சேர்த்து உலோகத்தையும் எடுத்துவிடும். முதலில் கண் மழுங்கும், பிறகு மூக்கு, அப்புறம் விரல்கள். பளபளப்பு மறுபடியும் வரும். போன முகம் வராது.

கோயில்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டன. திருமலையில் உற்சவர் மலையப்ப சுவாமிக்கும் தாயார்களுக்கும் ஆண்டு முழுக்கப் பொற்கவசம் சாத்தியிருப்பது, தொடர் திருமஞ்சனத்தில் திருமேனிகள் தேயாமல் இருக்கத்தான். ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேகத்தில் அதைக் களைந்து, மூன்றாம் நாள் மீண்டும் சாத்துகிறார்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியிலுள்ள அமிலம் கறுப்பைக் கரைக்கும். அதற்காக ஊறவே போட்டுவிட்டால் துத்தநாகத்தையும் அரித்துவிடும். சிலையில் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உப்பு இன்னும் மோசம். மடிப்புகளில் தங்கிப் பச்சைக் களிம்பாகப் பூக்கும். பீடத்தின் இடுக்கைத் திருப்பிப் பாருங்கள், அங்கேதான் முதலில் தெரியும்.

அம்மோனியா கலந்த பாலிஷ்களிலும் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. சாணமும் மூத்திரமும் கிளப்பிய அம்மோனியாதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். கெட்டியாக வார்த்த சிலைக்கு அந்த ஆபத்து குறைவு. தகட்டை அடித்துச் செய்தவற்றுக்கு உண்டு.

கடையில் வாங்கும்போதே மேலே லாக்கர் பூசியிருக்கிறதா, ‘ஆன்டிக்’ நிறம் ஏற்றியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் புளி ஆகாது. லாக்கர் பாதி உரிந்து சொறி பிடித்தாற்போல் ஆகிவிடும். ஆன்டிக் நிறம் ஒரே தேய்ப்பில் போய்விடும். கையோடு ஒரு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு.

பராமரிப்பு எளிதுதான். பாலோ பஞ்சாமிர்தமோ அபிஷேகம் செய்தால் காயவிடாமல் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். இடுக்குகளுக்கு மிருதுவான பல் துலக்கும் பிரஷ். உடனே பருத்தித் துணியால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் உலரவிடுங்கள். புதுச் சந்தனம், குங்குமம் வைக்கும் முன் பழையதைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பூசி அப்படியே விட்டால் தூசியும் ஊதுபத்திப் புகையும் பிசுக்காக அப்பிக்கொள்ளும். மேல்பூச்சு இல்லாத சிலை மிகவும் கறுத்துப்போனால் மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, உப்பில்லாத நீர்த்த புளிக்கரைசலை விரலால் தடவி, இரண்டு நிமிடத்துக்குள் நன்றாக அலசிவிடுங்கள்.

லேசான கறுப்பு ஒரு குறையே அல்ல. வரும் ஆயுத பூஜைக்கு இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வையுங்கள். வீட்டுப் பிள்ளையாரை மட்டும் தயவுசெய்து பஃபிங் சக்கரத்திடம் கொடுக்காதீர்கள்.